முதல் நாக் வருகைக்கு முன்

பி.எட். கல்லூரி நடத்த அனுமதி தருவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்.சி.டி.இ.); கல்லூரியின் தரத்தை மதிப்பிடுவது, 1994-இல் தொடங்கப்பட்டு பெங்களூருவில் இயங்கும் தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு (நாக்). அனுமதி பெற்றுவிட்டதாலேயே தரம் வந்துவிடுவதில்லை. முதல் மதிப்பீட்டுக்குக் கல்லூரி, ஏழு அளவுகோல்களின்படி தன்னாய்வு அறிக்கை தயாரிக்க வேண்டும். கட்டடம், நூலகம், நிர்வாகம் பற்றிய பகுதிகளுக்குக் கோப்புகளே பெரும்பாலும் போதும்.

கடினமானது கற்பித்தல் பயிற்சி. என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைகள் ஈராண்டு பி.எட். படிப்பில் 20 வாரப் பள்ளிப் பயிற்சியைக் கட்டாயமாக்கின: முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. அந்த வாரங்களில் பயிற்சி மாணவர் உண்மையில் என்ன கற்றார்? வருகைப் பதிவேடு இதற்கு விடை சொல்லாது. பாடக்குறிப்பு, வகுப்பைக் கவனித்த வழிகாட்டி ஆசிரியரின் கருத்து, அதன்பின் அடுத்த பாடத்தில் செய்த மாற்றம் ஆகிய மூன்றும் தொடர்ச்சியாக இருந்தால்தான் சான்று முழுமையாகும். பல கல்லூரிகளில் முதல் இரண்டு கிடைக்கும். மூன்றாவதை யாரும் எழுதி வைப்பதில்லை. வருகைக்கு முந்தைய மாதத்தில் அதை உருவாக்க முடியாது, உருவாக்கவும் கூடாது. ஏனெனில் நேரில் வரும் நாக் குழு கோப்புகளைப் பார்ப்பதோடு, மாணவர்கள், முன்னாள் மாணவர்கள், பெற்றோர்களிடமும் பேசும். எனவே கல்லூரியின் அகத் தர உறுதிப் பிரிவு, முதல் பயிற்சிப் பருவத்திலிருந்தே இந்த மாற்றங்களைப் பதிவு செய்துவர வேண்டும்.