தீர்ப்பில் எழுதப்படாத தண்டனை

குற்றம் புரிந்தவனுக்கு இத்தனை ஆண்டுகள் சிறை என நீதிமன்றம் தீர்ப்பெழுதுகிறது. அத்தீர்ப்பு அவனிடமிருந்து பறிப்பது எதனை? அவனது சுதந்திரத்தை மட்டுமே. அவன் உடலையும் மானத்தையும் அது எவருக்கும் உரிமையாக்கிவிடவில்லை. எனினும், சிறைக்குள் ஆண்கள்மீது நிகழும் பாலியல் வன்கொடுமை பற்றிப் பேச்செழும்போது நம்மிற் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். சிலர் நகைக்கவும் செய்கிறோம். “செய்ததற்கு அனுபவிக்கட்டும்” என்போரும் உண்டு. இம்மனப்போக்கு நீதிக்கு உகந்ததுதானா?

முதலாவதாக, சிறையிலிருப்போர் அனைவரும் குற்றவாளிகள் அல்லர். 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள், குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். அமெரிக்காவின் ஸ்டீபன் டொனால்ட்சன், கம்போடியா மீதான குண்டுவீச்சை எதிர்த்து 1973இல் வெள்ளை மாளிகையில் நடந்த அமைதிப் பிரார்த்தனையில் கைதானவர். வாஷிங்டன் சிறையில் பல கைதிகள் சேர்ந்து அவரைச் சிதைத்தனர். அவரோ வெளியே வந்து பத்திரிகையாளர் முன்னிலையில் நடந்ததைச் சொன்னார். பின்னாளில் இக்கொடுமைக்கெதிரான அமைப்பொன்றுக்குத் தலைமை தாங்கி, 1996இல் மறைந்தார்.

சரி, குற்றவாளியே என்று வைத்துக்கொள்வோம். டெக்சாஸ் மாநிலத்தில் குப்பைத் தொட்டிக்குத் தீ வைத்த சிறுவன் ஒருவன் பெரியவர்களின் சிறைக்கு அனுப்பப்பட்டான். அங்கே வன்கொடுமைக்கு ஆளாகிப் பாதுகாப்பு வேண்டி எழுதினான், மறுக்கப்பட்டது. தூக்கிட்டுக்கொண்ட அவன் 1996இல், 17 வயதில், உயிரிழந்தான். குப்பைத் தொட்டிக்கு இதுவா விலை? கொலைகாரனாகவே இருந்தாலும், அவனுக்கு இழைக்கப்படும் இக்கொடுமை அவனால் மாண்டவரின் தாயுடைய கண்ணீரைத் துடைக்கிறதா? இல்லை. உலகில் ஒரு குற்றம் கூடுகிறது, அவ்வளவே.

கைதிக்கு நேரக்கூடிய பேராபத்தை அறிந்தும் அசட்டை செய்யும் அதிகாரி அரசியல் சட்டத்தையே மீறுகிறார் என 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003இல் சிறை வன்புணர்ச்சி ஒழிப்புச் சட்டம் அங்கே எதிர்ப்பின்றி நிறைவேறியது. 2012இல் விதிகள் வந்தன. சிறைக்குள் வருபவர் எளிதில் இரையாகக் கூடியவரா எனத் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டும். 18 வயது நிரம்பாதோரைப் பெரியவர்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். சிறைக்கு வெளியேயுள்ள ஓரிடத்திலும் முறையிட வழி வேண்டும். முறையீட்டிற்குக் காலக்கெடு கூடாது. மருத்துவத்திற்குக் கட்டணம் கூடாது என்பன அவற்றுட் சில.

விதிகள் மட்டும் போதுமா? 2011-12இல் அங்கு எடுக்கப்பட்ட அரசுக் கணக்கெடுப்பில், மாநில, மத்தியச் சிறைவாசிகளுள் நூற்றுக்கு நால்வர் முந்திய ஓராண்டிற்குள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். அவற்றில் பெரும்பங்கு சிறை ஊழியர்கள்மீதே சுமத்தப்பட்டது. காவலனே கள்வனாகும்போது முறையீடு யாரிடம் போகும்? ஆகவேதான் வெளியார் கண்காணிப்பு இன்றியமையாததாகிறது.

நம் நாட்டிலோ சட்டத்திலேயே வெற்றிடம் உள்ளது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், பழைய 377ஆம் பிரிவுக்கு இணையான பிரிவு இடம்பெறவில்லை. வன்புணர்ச்சிக்கு ஆளாகும் வயதுவந்த ஆணுக்கு அப்பெயரில் நீதி கேட்க அதில் பிரிவில்லை.

சட்டம் செய்வதைச் சட்டம் செய்யட்டும். இல்லத்தின் கடமை வேறு. சிறையிலிருந்து மீண்ட மகனோ சகோதரனோ உறக்கமின்றித் தவிக்கலாம், ஆள் அரவம் கேட்டாலே திடுக்கிடலாம், காரணமின்றிச் சினக்கலாம். “ஆண்பிள்ளைதானே, ஏன் எதிர்க்கவில்லை?” என்று கேட்பது அவனை மீண்டும் சிறையில் தள்ளுவதாகும். அச்சத்தில் உடல் உறைந்து போவது கோழைத்தனமன்று, இணக்கமுமன்று. அவன் பேசினால் நம்புவோம், பேசாவிடில் வற்புறுத்தாதிருப்போம். நோய்த்தொற்றுப் பரிசோதனைக்கும் மனநல மருத்துவரிடமும் அவன் செல்லத் துணை நிற்போம். அவன் அனுமதியின்றி உறவினரிடம்கூட அதனை வெளியிடாதிருப்போம்.

கைவிலங்கிட்டு ஒருவனை அடைத்து, தன்னைக் காத்துக்கொள்ளும் ஆற்றலை அவனிடமிருந்து பறிக்கும் அரசு, அவனைக் காக்கும் பொறுப்பையும் அந்நொடியே ஏற்கிறது. கைதி அரசின் கையிலுள்ள அமானிதம். அரசு நம் பெயரால் இயங்குவதால் அவன் நம் அமானிதமும் ஆவான். நாம் நகைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அமானிதத்திற்குத் துரோகம் இழைக்கிறோம் என்பதை உணர்வோமாக!