புதைத்து வைத்த சித்திரம்

இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயர் பகுதியில் உட்செஸ்டர் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே ரோமானியர் காலத்துச் செல்வர் மாளிகையொன்று பூமிக்கடியில் இருக்கிறதென அறிந்து காணச் சென்றோம். கண்டது என்ன? இடிந்த பழைய மாதாகோயிலின் மிச்சம், சாய்ந்த கல்லறைகள், ஈரப்புல். அவ்வளவே!

அப்புல்லின் கீழேதான் ஏறக்குறைய 1,700 ஆண்டுகட்கு முற்பட்ட சித்திரத் தளம் கிடக்கின்றது. பக்கத்துக்கு 48 அடிக்கு மேல். சுமார் 15 லட்சம் சிறு கற்களைக் கையால் பதித்துச் செய்தது. ஆர்பியஸ் யாழ் மீட்டுகிறான். சிங்கமும் கரடியும் சினம் மறந்து வட்டமிடுகின்றன. 1793 முதல் 1796 வரை சாமுவேல் லைசன்ஸ் என்பார் இதனை அகழ்ந்து, வரைந்து, 1797இல் நூலாக்கினார். கடைசியாக 1973இல் திறந்தபோது லட்சத்துக்கு மேற்பட்டோர் கண்டனர். பின் மண்ணிட்டு மூடினர்.

நமக்குச் சினமே பிறந்தது. அறிவையும் அழகையும் சிலர் பூட்டி வைத்ததால் உலகம் பட்டது போதாதா? அனைவர்க்கும் உரியதை மூடி வைக்க இவர்கள் யார்?

ஆயினும் அக்கல்லறைகள் நம்மைத் தடுத்தன. அங்கே குழி வெட்டியபோதெல்லாம் தளம் சிதைந்திருக்கிறது. வெட்டியோர் கொடியவரல்லர், பெற்றோரைப் புதைக்க வந்த ஏழை எளியோர். அவரவர் தேவை அவரவர்க்கு நியாயமாகவே பட்டிருக்கும். மழையும் உறைபனியும் கற்களைப் பெயர்க்கும். பார்க்க வருவோர் காலடியும் பெயர்க்கும். நம் தேவையும் நமக்கு நியாயமாகத்தானே படுகிறது?

அனைவர்க்கும் என்றோமே, யாரை எண்ணிச் சொன்னோம்? இன்று உயிரோடிருப்பவரை மட்டுமே. இனிப் பிறப்பவர்க்கு வாக்கில்லை, சங்கமில்லை, முறையிட வாயுமில்லை. வாயில்லாதார் பங்கை வாயுள்ளார் உண்பதை வேறிடத்தில் நாம் என்னவென்று அழைப்போம்?

நாளைக்கு என்று சொல்லியே இன்றைய பசியை மறுப்பவரும் உண்டென்பதை மறந்தோமில்லை. உலோபியின் வாதமும் அதுவே. ஆனால் உலோபி படம் வரைந்து பிறர் கையில் கொடுப்பதில்லை. இங்கே லைசன்ஸின் நூல் உண்டு. 1973இல் கண்டு வியந்த சகோதரர் இருவர், ஆண்டுக்கணக்கில் உழைத்து முழு அளவில் படியொன்றும் செய்தனர். ஆகவே மூடியது தகுமென்றே கொள்கிறோம். மனம் முழுதும் ஒப்பிற்று என்று சொன்னால் அது பொய்.

புறப்படுமுன் புல்லை ஒருமுறை காலால் அழுத்திப் பார்த்தோம். பின்னர் நாணி, நடைபாதைக்கு ஏறிக்கொண்டோம்.