பலகையில் பதிந்த பெயர்

ஒருவர் கண்ட வழி வேறொருவர் பெயரால் வழங்குமாயின், அதனை அநீதி என்று கொள்வதா, உலக வழக்கு என்று விட்டுவிடுவதா? சதுரங்க ஆட்டத்தின் தொடக்க முறைகளுக்கு வழங்கும் பெயர்களை ஆராய்வோர் இவ்வினாவிற்கு விடை கூறாமல் அப்பாற் செல்லுதல் இயலாது.

சதுரங்கத்தின் முதற் சில நகர்த்தல்கள் பல நூற்றாண்டுகளாக ஆராயப்பட்டு, ஒவ்வொரு முறையும் தனக்கென ஒரு பெயர் பெற்றுள்ளது. அப்பெயர்கள் வந்த வரலாறு விந்தையானது. 1824 முதல் 1828 வரை எடின்பரோ நகரத்தாரும் லண்டன் நகரத்தாரும் கடித மூலம் ஆடிய போட்டியினால் ‘ஸ்காட்லாந்து ஆட்டம்’ என்ற பெயர் பிறந்தது. 1834இல் தொடங்கிய மற்றொரு கடிதப் போட்டியில் பாரிஸ் நகரத்தார் லண்டனை வென்றனர். அவர்கள் கையாண்ட முறை ‘பிரெஞ்சுத் தற்காப்பு’ ஆயிற்று. எவன்ஸ் என்னும் கப்பல் தலைவர் கண்ட முறை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

இவற்றினும் விந்தையானது ஒன்றுண்டு. 1924இல் நியூயார்க்கில் நடந்த பெரும் போட்டியின்போது, தார்த்தகோவர் என்னும் ஆட்டக்காரர் அந்நகரத்து விலங்குக் காட்சிசாலைக்குச் சென்றார். ஆங்கே சூசன் என்னும் குரங்கு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. பின்னர் மரோட்சியுடன் ஆடியபோது, ராணிப் பக்கத்துக் குதிரையின் முன் நிற்கும் காலாளைத் தள்ளித் தொடங்கும் ஓர் அரிய முறையைக் கையாண்டு, அதற்கு ‘ஓராங் ஊத்தான்’ என்று பெயர் சூட்டினார். ‘காட்டு மனிதன்’ எனப் பொருள்படும் மலாய்ச் சொல் அது என்பதை இந்நாட்டில் வாழும் நேயர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. காய் ஒன்றையும் தொட்டறியாத விலங்கு, சதுரங்க நூல்களில் நிலையான இடம் பெற்றுவிட்டது.

கூண்டிலிருந்த விலங்கிற்குக் கிடைத்த அப்பேறு, பலகையின் முன் அமர்ந்து அறிவைச் செலவிட்ட ஒரு மனிதருக்குக் கிடைக்கவில்லை. அவர் வங்காளத்தைச் சேர்ந்த மகேசசந்திர பானர்ஜி. 1850ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், கல்கத்தாவில் பாரிஸ்டராயிருந்த ஜான் காக்ரேன் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரருடன் அவர் மிகப் பல ஆட்டங்கள் ஆடினார். பழைய இந்திய முறையில் காலாள் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும். அப்பழக்கத்திற்கேற்ப, நடுக்களத்தைக் காலாட்களால் உடனே அடைக்காது, தொலைவிலிருந்தே தாக்கும் வகை அவருடையது. அதனின்றே ‘இந்தியத் தற்காப்பு’ என்னும் பெயர் எழுந்தது. இன்று அம்முறைகள் பல கிளைகளாய்ப் பெருகியுள்ளன. நிம்சோ-இந்தியம், போகோ-இந்தியம் என்பன அவற்றுட் சில. நிம்சோவிச்சும் போகோலியுபோவும் ஐரோப்பிய வல்லுநர்கள். அவர்கள் பெயர் நாட்டின் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. அந்த ‘இந்தியர்’ யாரோ, அவர் பெயர் மட்டும் இல்லை!

இன்னும் கேளுங்கள். 1855இல் காக்ரேனுக்கு எதிராகப் பானர்ஜி ஆடிய ஆட்டம் ஒன்று அச்சில் உளது. அதில் அவர் தோல்வியுற்றார். ஆயினும் அவர் கையாண்ட தொடக்கத்தையே, 67 ஆண்டுகள் கழித்து, 1922இல் வியன்னாவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் குரூன்பெல்ட் கையாண்டு, பின்னாளில் உலக வீரரான அலெகினை வென்றார். அன்று முதல் அது ‘குரூன்பெல்ட் தற்காப்பு’.

குரூன்பெல்ட் கள்வர் அல்லர். அவர் தம் அறிவால் ஆராய்ந்து, உலகம் ஏற்கும்படி அதனை நிலைநாட்டினார். ஸ்பெயின் தேசத்துப் பாதிரியார் ரூய் லோபஸ் 1561இல் நூல் எழுதி விளக்கிய தொடக்கமும், 1490ஐ ஒட்டிய ஒரு கையெழுத்துச் சுவடியில் முன்னரே காணப்படுவதேயாம். எனினும் அது அவர் பெயரையே தாங்குகிறது. ஆகவே, முதலிற் செய்தவர்க்குப் பெயர் என்பது விதியன்று. எழுதி விளக்கி நிலைநாட்டியவர்க்கே பெயர் என்பதே நடைமுறை.

‘பெயரில் என்ன உளது? செயலன்றோ பெரிது?’ என்பார் சிலர். துறவிக்கு அது நன்மொழி. ஆயின் அதனைப் பெரும்பாலும் சொல்வோர் பெயர் பெற்றவர்களே. கேட்டு அமைதியுற வேண்டியவர்களோ பெயர் இழந்தவர்கள். தனக்குரியதைத் தானே விட்டுக்கொடுப்பது பண்பு. பிறனுக்குரியதை மறந்துவிட்டு அவனுக்குப் பண்பைப் போதிப்பது பண்பாகாது. இது சதுரங்கப் பலகையோடு நின்றுவிடும் செய்தியுமன்று. காடு வெட்டினவர் ஒருவர், தோட்டத்திற்குப் பெயர் ஈந்தவர் வேறொருவர் என்பதை நாம் நாளும் காண்கிறோமன்றோ?

அங்ஙனமாயின் நீதி யாது? பழைய பெயர்களை அழித்து எழுதுவதா? வேண்டுவதில்லை. குரூன்பெல்டின் உழைப்பை மறுப்பதனால் பானர்ஜிக்கு ஒரு பெருமையும் கூடாது. பெயரைச் சொல்லும்போது அதற்கு முன் நின்றவரையும் சேர்த்துச் சொல்வதே நீதி. அங்ஙனம் சொல்ல இன்று நமக்கு இயல்வது எதனால்? அவ்வாட்டங்களை ஒருவர் நகர்த்தல் தவறாது குறித்து வைத்தார்; லண்டன் இதழ்கள் அவற்றை அச்சிட்டன. அக்குறிப்பு இல்லையேல், பானர்ஜி என்றொருவர் ஆடினார் என்பதற்கே சான்றிராது.

ஆதலின், அன்பர்களே, கடமை இரண்டு. பிறர் கண்ட வழியில் நடப்போர், ‘இவ்வழியில் எனக்கு முன் நடந்தவர் யார்?’ என்று வினவுதல் வேண்டும். வழி காண்போர், தம் செயலைத் தாமே எழுதி வைத்தல் வேண்டும். எழுதப் பயிலாத மக்களுக்குப் பிறர் பெயரிடுவர். அப்பெயரில் நாடு இருக்கலாம், சாதி இருக்கலாம், ஆள் இரான்.