கூட்டுச் சொத்தும் கூட்டுக் கணக்கும்

 

ஜொகூர் பாருவில் தனியாளாக ஒரு கடைவீடு வாங்குவது நம்மில் அநேகருக்கு எட்டாத காரியமாகிவிட்டது. ஆகவே அண்ணனும் தம்பியும், மாமனும் மச்சானும், ஊர்க்காரர் இருவர் மூவருமாகச் சேர்ந்து முதல் போடுகிறோம். சேர்வதில் குற்றமில்லை. நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களே நுபுவ்வத்துக்கு முன் ஸாயிப் என்பவருடன் கூட்டு வியாபாரம் செய்தவர்கள். பங்காளிகளில் ஒருவர் மற்றவருக்கு மோசம் செய்யாத வரையில் அல்லாஹ் அவர்களுடன் மூன்றாமவனாக இருக்கிறான் என்ற கருத்துடைய ஹதீஸ் அபூதாவூதில் வந்துள்ளது. மோசம் புகுந்தால் விலகிக் கொள்கிறான்.

ஆனால் நாம் செய்வதென்ன? இஷா தொழுதுவிட்டுத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசி, “அதெல்லாம் பிறகு பார்த்துக் கொள்ளலாம் பாய்” என்று எழுந்துவிடுகிறோம். கூரை ஒழுகும் அன்றைக்குத்தான் அந்தப் ‘பிறகு’ வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு லட்சம் வெள்ளிக்கு ஒரு கடைவீடு. மூத்தவர் மூன்று லட்சம், நடுவர் இரண்டு லட்சம், இளையவர் ஒரு லட்சம். கூரைக்கு 12,000 வெள்ளி செலவானால் 6,000, 4,000, 2,000 என்று போட வேண்டும். நிலவரி, வீட்டுவரி, வக்கீல் கூலி எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். வாடகையும் அப்படியே. விற்கும்போது 60,000 நஷ்டம் வந்தாலும் 30,000, 20,000, 10,000 என்று தாங்கியே ஆக வேண்டும். “லாபத்தில் பங்கு கொடுங்கள், நஷ்டம் வந்தால் என் முதலைக் குறையாமல் தந்துவிடுங்கள்” என்று ஒருவர் கேட்டால், அவர் கொடுத்தது கடனாகிவிடுகிறது. கடனுக்கு மேல் வாங்குவதன் பெயர் நமக்குத் தெரியும்.

இளையவர்தான் வாடகை வசூலிக்கிறார், குழாய்க்காரனைத் தேடி அலைகிறார். அவருக்குக் கூடுதல் வேண்டாமா? நியாயமான கேள்வி. நம்மில் ஷாஃபிஈகளும் உண்டு, ஹனஃபிகளும் உண்டு. கடைக் கூட்டில் உழைப்பவருக்கு லாபத்தில் அதிகம் பேசிக்கொள்ள ஹனஃபி மத்ஹபில் இடமுண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் லாபமும் முதலின் அளவுப்படியே. நஷ்டம் முதலின்படி என்பதில் இரண்டுக்கும் பேதமில்லை. சொத்தில் சிக்கலற்ற வழி, அவர் உழைப்புக்குக் கூலியை முன்கூட்டியே தனியாகப் பேசிவிடுவதுதான். மாத வாடகை 3,000 வெள்ளியில் 300 அவர் கூலி. மிச்சம் 2,700 வெள்ளியை 1,350, 900, 450 என்று பிரிக்கலாம். உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் நம் ஜொகூருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் ஹனஃபி சட்டநூல் 1913-ல் மலாய் மொழியில் ‘மஜல்லா அஹ்காம் ஜொகூர்’ என்று இங்கே வெளியாயிற்று. பொதுச் சொத்தின் வரும்படி பங்கின்படி, பழுது பார்க்கும் செலவும் பங்கின்படி என்பது அதன் விதி. இன்னொன்றும் அதில் உண்டு. நம்மவர் பலர் அறியாதது. பிரிக்கத்தக்க பொதுச் சொத்தை ஒருவர் மற்றவரின் சம்மதம் கேளாமல் தாமாகவே பழுது பார்த்தால், அது அவர் செய்த உபகாரமாகவே எண்ணப்படும். பிறகு பங்கு கேட்க முடியாது. இன்று கோர்ட்டுகளில் வேறு சட்டம் நடக்கிறது. ஆனாலும் ஆணி அடிக்குமுன் கூட்டாளியிடம் ஒரு வார்த்தை கேட்பதற்குச் சட்டமா வேண்டும்?

எல்லாவற்றிலும் நமக்குப் பயமூட்டுவது மவுத்து. கிராண்டில் ஒருவர் பெயர் மட்டும் இருக்க, அவர் போய்விட்டால், அவர் பிள்ளைகளுக்கு அது வாப்பாவின் முழுச் சொத்தாகவே தெரியும். மற்ற இருவரும் கேட்டால், யத்தீம்களின் சோற்றில் கை வைப்பவர்களாக ஊர் பேசும். கேளாமல் இருந்தால் தங்கள் மக்களின் ஹக்கை இழப்பார்கள். 1965-ம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி ஒரே கிராண்டில் பல பெயர்களையும் அவரவர் பங்கையும் பதியலாம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரா பகராவின் 282-வது ஆயத்தில் அல்லாஹ் விரிவாகவே கட்டளையிட்டிருக்கிறான். திருக்குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத்து அது. வாங்கிய விலை, அவரவர் முதல், செலவின் பங்கு, கூலி, விலக விரும்புகிறவருக்கு விலை வைக்கும் முறை, இவற்றை ஒரு தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளுடன் கையெழுத்திடுங்கள். பிரதி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும். அது எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று வீட்டுப் பெண்களுக்கும் தெரியட்டும்.