பட்டம் கேட்பவரின் பொறுப்பு

2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு நேர்காணல் நடத்தியது. ஏறத்தாழ 7,000 பேர் வந்தார்கள். பொறியியல் முடித்தவர்களும் முதுகலை முடித்தவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள். துப்புரவுப் பணியில் எந்த இழிவும் இல்லை. அதைச் செய்பவர்களை நாம் நடத்தும் விதத்தில்தான் இழிவு இருக்கிறது. கவலை வேறு. அந்த வேலைக்குத் தேவைப்படாத நான்காண்டுப் படிப்புக்காக எத்தனையோ குடும்பங்கள் நகையை அடகு வைக்கின்றன, நிலத்தை விற்கின்றன, வங்கியில் கடன் வாங்குகின்றன. இந்தச் செலவை அவர்கள் தலையில் ஏற்றுவது யார், அப்படி ஏற்றுவது நியாயமா?

பட்டம் படிப்பது லாபமா நட்டமா என்றுதான் வழக்கமாகக் கேட்கிறோம். 2024இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் பட்டதாரி இளைஞர்களில் வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4 சதவீதம். இதைக் காட்டி, படிக்காமலே இருந்திருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அது பிழையான முடிவு. எழுத்தறியாதவரால் வேலையில்லாமல் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார். பட்டதாரி, வீடு தாங்கும் வரை காத்திருக்கிறார். இந்த லாப நட்டக் கணக்கில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. ஏன் இந்தப் பாடத்தை எடுத்தாய், ஏன் அந்தக் கல்லூரியில் சேர்ந்தாய் என்று பதினேழு வயதுப் பிள்ளையையே அது விசாரிக்கிறது. விசாரிக்க வேண்டியது பட்டத்தைக் கேட்பவரை.

அப்படி ஒரு விசாரணை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நடந்திருக்கிறது. வட கரோலினாவில் டியூக் பவர் நிறுவனத்துக்கு டான் ரிவர் என்ற அனல்மின் நிலையம் இருந்தது. அங்கே கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் கூலிப் பிரிவில் மட்டுமே இடம். அந்தப் பிரிவில் மிக அதிகச் சம்பளம் வாங்கியவரும், வெள்ளையர் மட்டுமே இருந்த மற்றப் பிரிவுகளின் கடைநிலைத் தொழிலாளியைவிடக் குறைவாகவே வாங்கினார். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் வந்த பிறகு, நிறத்தைச் சொல்லித் தடுக்க வழியில்லாமல் போனது. வேறு பிரிவுக்கு மாற வேண்டுமானால் பள்ளியிறுதிச் சான்றிதழ் வேண்டும், அல்லது எழுத்துத் தேர்வுகளில் தேற வேண்டும் என்றது நிறுவனம். வில்லி கிரிக்ஸ் உள்ளிட்ட 13 தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். விசாரணையில் வெளிவந்த ஓர் உண்மை முக்கியமானது: இந்த நிபந்தனை வருவதற்கு முன்பே சேர்ந்த, சான்றிதழ் இல்லாத வெள்ளைத் தொழிலாளர்கள் அதே வேலைகளைக் குறையில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். 1971இல் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. ஒரு தகுதி சிலரை ஒதுக்கித் தள்ளுகிறது என்றால், செய்யப்போகும் வேலையோடு அதற்கு உள்ள தொடர்பை நிறுவனம் காட்டியாக வேண்டும். கெட்ட எண்ணம் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அந்த அளவுகோலை நம் ஊரில் வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் வரும் வேலை அறிவிப்புகளில் 'ஏதேனும் ஒரு பட்டம்' என்று கேட்பவை ஏராளம். காப்பீட்டு விற்பனைக்கு, தொலைபேசிச் சேவை மையத்துக்கு, கடன் வசூலுக்கு. தாவரவியல் படித்தாலும் சரி, வரலாறு படித்தாலும் சரி என்கிறபோதே, கல்லூரியில் கற்றது இந்த வேலைக்கு வேண்டியதில்லை என்பதை நிறுவனமே ஒப்புக்கொள்கிறது. ஆயிரம் விண்ணப்பங்களை நூறாகக் குறைக்க ஒரு சல்லடை வேண்டும். அதற்கு விலை கொடுப்பவர் விண்ணப்பதாரரின் தகப்பனார். வளாக நேர்காணல்களில் இதைவிடக் கடுமையான ஒரு வழக்கம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் கேட்கும் நிறுவனங்கள் பல. பதினைந்து வயதில், தாய் படுத்த படுக்கையாக இருந்த ஆண்டில் 56 சதவீதம் எடுத்த பிள்ளை, பின்னர் கல்லூரியில் முதலிடம் பெற்றாலும் அந்த அறைக்குள் நுழைய முடியாது. எந்த வேலையோடும் தொடர்பு காட்ட முடியாத தகுதி இது.

அப்படியானால் எல்லாரும் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை என்று சொல்லிவிடலாமா? தமிழ்நாட்டில் அந்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று அதை மக்கள் எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் அரசு அதைக் கைவிட்டது. அந்த எதிர்ப்பின் வழியில் வந்ததுதான் இன்றைய நிலை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4; தமிழ்நாட்டுக்கு 47. ஒரு குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குப் பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளில் 2010 முதல் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. பல பெண்களுக்குக் கல்லூரியின் மூன்று ஆண்டுகள், கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடக் கிடைத்த மூன்று ஆண்டுகள். அந்தக் காலத்தின் மதிப்பைச் சம்பளத்தில் அளக்க முடியாது. தம் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, ஊர்ப் பிள்ளைகளிடம் பட்டம் வெறும் காகிதம் என்று பேசுவது அறமில்லாத பேச்சு.

அந்தக் காகிதம் காப்பாற்றியும் இருக்கிறது. தகுதி என்று எழுத்தில் ஒன்றும் இல்லாத இடத்தில் தேர்வு எப்படி நடக்கும் என்பது நம் ஊரில் யாருக்கும் தெரியாததல்ல: எந்த ஊர், யார் மகன், யார் அனுப்பினார். நேர்காணலில் ஒரு தலித் இளைஞர் மேசையில் எடுத்து வைக்கக்கூடிய, யாராலும் மறுக்க முடியாத ஒன்று அவர் பட்டம். அதைக் கேட்பதை நிறுத்திவிட்டு வேறெதையும் வைக்காமல் போனால், பழைய வாசல்தான் திறக்கும். ஆகவே பட்டத்தின் இடத்தில் வேலையோடு தொடர்புள்ள பொதுத் தேர்வு வர வேண்டும். தேர்வானவர்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி வேண்டும். இது நடவாத காரியமில்லை. ஸோஹோ நிறுவனம் இரண்டு பதிற்றாண்டுகளாகப் பிளஸ் டூவும் டிப்ளமாவும் முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, மென்பொருள் வேலைக்குப் பயிற்றுவித்து வருகிறது.

தேர்வு ஒன்றே போதுமா என்றால், போதாது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. 2024இல் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பட்டதாரிகளும் பொறியாளர்களும் அதில் ஏராளம். அவர்களோடு போட்டியிடும் பத்தாம் வகுப்புக்காரர் பெரும்பாலும் பின்தங்கியே போகிறார். ஆனாலும் கடன் வாங்காமல் அந்த வரிசையில் நிற்க அவருக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையைத் தனியார் அறிவிப்புகள் தருவதில்லை.

மருத்துவர், செவிலியர், பாலம் கட்டும் பொறியாளர் ஆகியோரிடம் படிப்பைக் கேட்பதில் தளர்வே கூடாது. பிறர் உயிர் அதில் இருக்கிறது. ஊருக்குத் தேவை என்பதால் கேட்கப்படும் அந்தப் படிப்பின் செலவையும் ஊர்தான் பெருமளவு ஏற்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்படிப்புகளில் சேர்பவர்களின் கட்டணத்தைத் தமிழ்நாடு அரசு செலுத்துவது இந்த நியாயத்தில்தான்.

மற்றவர்களுக்குச் செலவு தனிச் சுமையாகவே நிற்கிறது. 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை வேண்டாம். ஆனால் பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டில், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை தொடங்கிவிடும். மகனுக்கு வேலை அமையாவிட்டால், தகப்பனார் தன் பெயரில் ஒரு மாடு வாங்கக் கடன் கேட்டாலும் வங்கி யோசிக்கும். கட்டண பாக்கிக்காக அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கல்லூரிகளும் உண்டு. சான்றிதழ் விற்பனைப் பொருளல்ல, அதை அப்படி நிறுத்தி வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும்.

இந்தச் சுமையில் எந்தப் பங்கும் ஏற்காமல் பட்டத்தை மட்டும் கேட்க நிறுவனங்களுக்கு என்ன உரிமை? 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை உதவித்தொகையோடு எடுத்தாக வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்களை அந்த எண்ணிக்கையில் சேர்த்து, பழகிய வேலையிலேயே நிரந்தரமாக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. பட்டம் எதற்கு என்று விளக்க முடியாத அறிவிப்புகளிலிருந்து அந்த ஒரு வரியை எடுத்துவிட்டாலே தொடங்கலாம்.