ஆயுதபூசைப் பொரியும் கொரிந்தியர் நிருபமும்

வெண்ணந்தூர் வட்டாரத்துத் தறிப்பட்டறைகளில் ஆயுதபூசையன்று சத்தம் அடங்கியிருக்கும். பஞ்சுத்தூசு தட்டி, எண்ணெய்ப் பிசுக்குத் துடைத்து, தறிச் சட்டத்துக்கும் மோட்டாருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, நாடாக்களைச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிப் பூசை போடுவார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்தபின் பொரியும் கடலையும் பழமும் ஒவ்வொருவர் கைக்கும் வரும். அந்த வரிசையில் நிற்கும் கிறிஸ்தவத் தொழிலாளி கை நீட்டலாமா, கூடாதா? சிறிய கேள்விதான். ஆனால் வேதத்தை அன்றாட வாழ்வுக்கு எப்படிப் பொருத்துவது என்ற விவாதத்தின் பெரும்பகுதி இதற்குள்ளேயே இருக்கிறது.

ஏறத்தாழ கி.பி. 55இல் கொரிந்து பட்டணத்துச் சபையும் இதையே கேட்டது. அங்கே கறிக்கடையில் விற்ற இறைச்சியில் கோவிலில் பலியிட்டதும் கலந்திருந்தது. பவுல் எழுதிய முதல் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்திலிருந்து பத்தாம் அதிகாரம்வரை இந்த விவகாரம் ஓடுகிறது. கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம். விருந்துக்கு அழைத்தவர் வீட்டில் வைப்பதையும் சாப்பிடலாம். ஆனால் இது படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால், சொன்னவரின் மனசாட்சிக்காக விலகவேண்டும். கோவில் பந்தியில் உட்காருவதோ கூடவே கூடாது. உணவு ஒன்றேதான், இடமும் எதிரில் இருப்பவரும் மாற மாற, பதிலும் மாறுகிறது.

இதைக் கவனிக்காமல் வசனத்தை மட்டும் உருவி எடுத்தால் எந்தக் கட்சியும் ஜெயிக்கலாம். அப்போஸ்தலர் நடபடிகள் 15இல் எருசலேம் சபை, படைத்தவற்றை விலக்கச் சொல்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் அவற்றைச் சாப்பிட இடம்கொடுத்த சபைகளைக் கண்டிக்கிறது. ரோமர் 14 சாப்பிடுகிறவரும் சாப்பிடாதவரும் ஒருவரையொருவர் குற்றவாளியாக்கக் கூடாது என்கிறது. கண்டிப்பானவர்கள், ராஜாவின் பந்தியை மறுத்த தானியேலைக் காட்டுவார்கள். அவர்கள் பெரும்பாலும் காட்டாத இன்னொருவர் நாகமான்.

சீரிய நாட்டுப் படைத்தலைவர் நாகமான். யோர்தானில் முழுகிக் குஷ்டம் நீங்கியபின், இனி வேறு தெய்வத்துக்குப் பலியிடமாட்டேன் என்கிறார். உடனே தயங்கித் தயங்கி ஒரு விண்ணப்பம் வைக்கிறார். தன் ராஜா ரிம்மோன் கோவிலில் பணியும்போது தன் கையைப் பிடித்துக்கொள்வார். அப்போது தானும் குனியவேண்டிவரும். அதை மன்னிக்கவேண்டும் என்கிறார். எலிசா பிரசங்கம் செய்யவில்லை. வேலையை விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. சமாதானமாக வழியனுப்பிவைத்தார். பிழைப்புக்காக இன்னொருவர் பக்கத்தில் நிற்கவேண்டிய மனிதனின் நிலையை இவ்வளவு பரிவோடு பார்த்த பகுதி வேதத்தில் அரிது. விசைத்தறிப் பகுதிகளில் முதலாளியிடம் முன்பணம் வாங்கி, அதைக் கழிப்பதற்குள் அடுத்த முன்பணத்தில் மாட்டிக்கொள்ளும் தொழிலாளியிடம், தானியேலை மட்டும் படித்துக்காட்டுவது நியாயமாகத் தெரியவில்லை.

நம் மண்ணில் இந்தக் கேள்விக்கு கொரிந்தில் இல்லாத ஒரு கனமும் உண்டு. ஒருவர் கையால் கொடுப்பதை வாங்க மறுப்பது இங்கே வெறும் மறுப்பு ஆகாது. தலைமுறை தலைமுறையாகச் சாதி அப்படித்தான் பேசிவந்தது. பக்கத்துத் தறிக்காரர் நீட்டும் பொரியை முகம் திருப்பி மறுத்தால், “ஏப்பா, எங்க கையால வாங்கமாட்டியா?” என்ற கேள்விதான் முதலில் எழும். அந்தக் காதுக்கு விக்கிரகம் பற்றிய உபதேசம் எட்டாது. பந்தி விஷயத்தில் பவுல் மிகக் கடுமையாகப் பேசியது படைத்ததைச் சாப்பிட்டவர்களிடம் இல்லை என்பதையும் நினைக்கவேண்டும். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிய பேதுருவைத்தான் முகத்துக்கு நேரே எதிர்த்தார்.

அப்படியென்றால் எல்லாம் சரியா? இல்லை. தறிக்கு முன் கைகூப்பி வணங்குவது வேறு, நீட்டிய பொரியை வாங்குவது வேறு. முன்னது வழிபாடு, தன் விசுவாசத்துக்கு அது ஒவ்வாது என்று பணிவாகச் சொல்ல ஒருவருக்கு உரிமையும் கடமையும் உண்டு. பின்னதில், தருகிறவரின் அன்பை இரு கையாலும் வாங்கிக்கொள்ளலாம். சாப்பிடுவதை அவரவர் மனசாட்சிக்கு விடலாம். பொரி வாங்கியதற்காகச் சபை ஒருவரை விசாரிக்குமானால், அது பவுலைவிடக் கண்டிப்பாக இருக்கிறது.

விளக்கம் சொல்லும்போது அதன் விலையை யார் கொடுக்கிறார் என்று பார்ப்பதே இதில் முதன்மை. வெண்ணந்தூருக்குத் தொலைவில்லாத சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் 1620களில் வந்தவர் சேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி. பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக அடையாளங்கள், மதச் சின்னங்கள் அல்ல என்று வாதாடினார். சக சேசு சபையாரே எதிர்த்தனர். 1623இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரி நிபந்தனைகளோடு அனுமதித்தார். அந்நியப் பழக்கத்தைச் சுவிசேஷத்தோடு கட்டித் தரவேண்டியதில்லை என்ற நோபிலியின் புரிதல் துணிவானது. ஆனால் அதே விளக்கம் சாதியையும் சமூக வழக்கம் என்று விட்டுவைத்தது. அதற்கான விலையைத் தனிக் குருவும் தனி இடமும் பெற்ற ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் கொடுத்தார்கள். சீர்திருத்தச் சபைகளிலும் இதுதான் நடந்தது: 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை ஒழிக்க ஆணையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினர். பந்தியைவிட்டு விலகிய பேதுருவைப் பவுல் கண்டித்ததைச் சொல்லும் கலாத்தியர் நிருபம் அவர்கள் கையில் அப்போதும் இருந்தது.

கொரிந்துச் சபையில் படைத்ததைச் சாப்பிடத் தயங்கிய ‘பலவீனர்கள்’ பெரும்பாலும் ஏழைகள் என்று ஜெர்மானிய அறிஞர் கெர்ட் தைசன் வாதிட்டார். வசதி உள்ளவர்களுக்குக் கறி வழக்கமான உணவு. இல்லாதவர்களுக்கு அது கோவில் விழாவோடு ஒட்டிய நினைவு. அந்த வாசிப்பை ஏற்றால், பவுல் வசதி உள்ளவர்களிடம்தான் விட்டுக்கொடுக்கக் கேட்டார். இன்றைய சபைகளில் இது தலைகீழாகிறது. மாதச் சம்பளக்காரர் கண்டிப்பு பேசுகிறார், கூலிக்காரர் அதைச் சுமக்கிறார்.

விலையை யார் கொடுக்கிறார் என்ற இதே அளவுகோல் கிறிஸ்தவ முதலாளிக்கும் பொருந்தும். ஓய்வுநாளை மதித்து அவர் ஞாயிறன்று தறியை நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கூலி மீட்டர் கணக்கில். தறி ஓடாவிட்டால் காசு இல்லை. உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வு வேலைக்காரனுக்கும் அந்நியனுக்கும் சேர்த்தே கட்டளையிடப்படுகிறது. அந்த நாளின் கூலியை முதலாளி தன் கணக்கிலிருந்து தரப்போகிறாரா என்பதைத் தறியை நிறுத்துவதற்கு முன்பே அவர் தீர்மானிக்கவேண்டும்.