உறவு கொள்ளாமலே வரும் கர்ப்ப அச்சம்

உடலுறவு வரை போகாத நெருக்கத்துக்குப் பிறகும் கரு தங்கிவிட்டதோ என்று அஞ்சுவோர் உண்டு. நடந்தது ஆடைக்கு மேலான உரசலாகவோ, கையால் தொட்டதாகவோ, வாய்வழிப் புணர்ச்சியாகவோ இருக்கலாம். அடுத்த மாதவிலக்கு வரும்வரை தூக்கமில்லை. நாட்காட்டியை விட்டுக் கண் அகலாது. இந்த அச்சம் பெண்ணுக்கு மட்டும் உரியதல்ல, அவளோடு இருந்த ஆணையும் பிடித்தாட்டும்.

கரு உண்டாக, உயிருள்ள விந்தணுக்கள் யோனிக்குள் சேர்ந்து, கருப்பை வழியே கருக்குழாய்க்குச் சென்று முட்டையை அடைய வேண்டும். முட்டையின் ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். பெண்ணுடலுக்குள் விந்தணு 5 நாள் வரை உயிரோடிருக்கும். ஆகவே ஒரு மாதச் சுழற்சியில் கருத்தரிக்க வாய்ப்புள்ளவை ஏறத்தாழ 6 நாட்களே. உடலுக்கு வெளியே கதை வேறு. விந்து காய்ந்ததும் அணுக்கள் இறந்துவிடும். உடுத்திய துணியைக் கடந்து அவை உள்ளே போவதில்லை. உணவுப்பாதைக்கும் கருப்பைக்கும் தொடர்பில்லாததால் வாய்வழிப் புணர்ச்சியில் கரு உண்டாகாது. பொதுக் கழிப்பறை, நீச்சல் குளம், பிறர் துவட்டிய துண்டு ஆகியவற்றால் வருமோ என்ற பயத்துக்கும் அடிப்படை இல்லை.

உண்மையாகவே யோசிக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் சில உண்டு. விந்து யோனி வாயிலிலேயே பட்டிருந்தாலோ, ஈரம் காயாத விந்து விரலோடு உள்ளே சென்றிருந்தாலோ வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூஜ்யமல்ல. விந்து வெளிப்படும் முன் கசியும் நீரைச் சுரக்கும் சுரப்பிகள் விந்தணுவை உண்டாக்குவதில்லை என்றாலும், சில ஆண்களின் கசிவில் இயங்கும் விந்தணுக்கள் காணப்பட்டுள்ளன. எனவே ஆடையில்லாமல் பிறப்புறுப்புகள் உரசியதை ஆடைக்கு மேல் உரசியதோடு சேர்த்து எண்ணக்கூடாது. இத்தகைய நிலையில் 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரமாக விழுங்கலாம். முட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுவதே அதன் வேலை. தங்கிவிட்ட கருவை அது கலைக்காது. இந்தியாவில் இதற்கு மருந்துச் சீட்டு தேவையில்லை என்றாலும் தமிழ்நாட்டின் பல மெடிக்கல் ஷாப்களில் கிடைப்பதில்லை என்பதால், மருத்துவரையோ மருத்துவமனையையோ நாடுவது வீண் அலைச்சலைத் தவிர்க்கும். தேவையே இல்லாதபோது இதை விழுங்கினால் மாதவிலக்கு நாள் முன்பின் ஆகலாம், இடையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் படலாம். அஞ்சியவருக்கு அதுவே புதிய சந்தேகமாகிவிடும்.

அச்சத்துக்கு உடலும் துணைபோகிறது. முட்டை வெளிவந்தபின் ஒவ்வொரு மாதமும் சுரக்கும் புரோஜெஸ்டரான் மார்பில் வலி, வயிற்று உப்புசம், அசதி ஆகியவற்றைத் தரும். கர்ப்பத்தின் தொடக்க அறிகுறிகளும் இவையே. ஆனால் கரு கருப்பையில் பதியவே முட்டை வெளிவந்து 6 முதல் 10 நாள் ஆகும். ஆகவே நெருக்கம் நடந்த மறுநாளே வரும் குமட்டல் கர்ப்பத்தால் வந்ததல்ல. கடும் மன அழுத்தம் மூளையிலிருந்து முட்டைப்பைக்குப் போகும் ஹார்மோன் கட்டளைகளைக் குலைப்பதால், பயந்தே நாள் தள்ளிப்போவதும் உண்டு. தள்ளிப்போன நாள் பயத்தைக் கூட்டுகிறது.

சந்தேகத்தைத் தீர்ப்பது சிறுநீர்ப் பரிசோதனை. கரு பதிந்த பிறகே எச்.சி.ஜி. ஹார்மோன் சுரக்கும் என்பதால் அவசரப்பட்டுப் பார்ப்பதில் பயனில்லை. சம்பவம் நடந்து 21 நாள் கழித்துப் பார்த்த கிட்டில் ‘சி’ கோடு மட்டும் தெரிந்தால் கர்ப்பம் இல்லை என்று நம்பலாம். முடிவை உறையில் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் பார்த்துவிட வேண்டும். தூக்கிப் போட்ட கிட்டை ஒரு மணி நேரம் கழித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ‘டி’ கோடு வரும் இடத்தில் சிறுநீர் காய்ந்த மங்கலான தடம் தெரியக்கூடும். அது கர்ப்பத்தின் அடையாளமல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் பயம் போகாதவர்கள் உண்டு. ‘அநேகமாக இல்லை’ என்ற பதில் அவர்களுக்குப் போதாது. ‘இல்லவே இல்லை’ என்று யாராவது சொல்ல வேண்டும். சொன்னாலும் நிம்மதி சில மணி நேரமே நிற்கும்; மறுபடி கேள்வி, மறுபடி பரிசோதனை. கேட்கக் கேட்கப் பயம் வளருமே ஒழிய அடங்காது. அதன் அளவைத் தீர்மானிப்பது வாய்ப்பின் அளவு அல்ல, வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு. செய்தது தப்பு, அதற்குத் தண்டனை வந்தே தீரும் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. இந்தப் பயத்தை எந்தக் கிட்டும் தீர்க்காது.

சட்டத்தைப் பற்றிய அறியாமையும் சுமையைக் கூட்டுகிறது. 2021 திருத்தத்துக்குப் பின் கருக்கலைப்புச் சட்டம் மணமாகாதவருக்கும் பொருந்தும். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதமே போதும். அவள் விவரத்தை ரகசியமாக வைப்பது மருத்துவரின் கடமை. பரிசோதனை ‘கர்ப்பம் இல்லை’ என்று காட்டிய பிறகும் தூக்கம், படிப்பு, வேலை கெடுமானால், சிகிச்சை வேண்டியது அந்தப் பதற்றத்துக்குத்தான். மனநல மருத்துவரை அணுகலாம். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசிப் பெறலாம்.